சீலக்கா நாடாளுமன்றத்துக்கு எழுதிய மூன்று பக்கம்

அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. தினமும் காலையில் கையெழுத்துப் போடும்போது அதை அவர் மட்டும் பார்த்துக்கொள்வார். மற்றபடி வாசல் காவலாளியிலிருந்து சூப்பிரண்டு வரை எல்லோருக்கும் அவர் சீலக்காதான். குடிநீர்த் துறையின் ரெக்கார்டு ரூமுக்கு வருகிற தாள்களுக்கெல்லாம் சிவப்பு மையில் ‘இரகசியம்’ என்று சீல் குத்துவது இருபத்தாறு வருடமாக அவர் வேலை.

அந்த அறை தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. கூரை வரை இரும்பு ரேக்குகள், ஒரு சக்கரம் கழன்ற ஏணி, இரண்டு ஜன்னல்கள். எப்போதோ பெயிண்ட் அடித்தபோது ஒரு ஜன்னலைச் சட்டத்தோடு சேர்த்து அடித்துவிட்டார்கள், அது திறக்காது. இன்னொன்று திறக்கும், ஆனால் திறக்கக் கூடாது. தாள் பறந்து வெளியே போனால் யார் பதில் சொல்வது? மழைக்காலத்தில் மை சீக்கிரம் காயாது. மேசை முழுக்கத் தாள்களைப் பரப்பி, ஓரத்தில் கல் வைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுச் சீலக்கா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே இருப்பதைப் படிக்கக் கூடாது என்பது விதி. பக்க எண் போடுகிறவர் கண்ணை மூடிக்கொண்டா போட முடியும்? விதி எழுதியவர்கள் அதை யோசிக்கவில்லை.

வேலை இப்படி நடக்கும். தாள்கள் வந்ததும் வலது மூலையில் பென்சிலால் எண் போட வேண்டும். துளை போட்டு நூல் கோர்க்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று சீல் குத்த வேண்டும். பிறகு இரகசியப் பதிவேட்டில் எண் எழுதி, ரேக்கில் ஏற்ற வேண்டும். இதில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பில் ஒரே ஒரு தாள் இரகசியம் என்றாலும் முழுக் கோப்பும் இரகசியம். யார் கொண்டுவந்த வழக்கம் என்று எவருக்கும் தெரியாது. சீல் குத்தியதற்காக இதுவரை யாருக்கும் மெமோ வந்ததில்லை, குத்தாமல் விட்டதற்கு வந்திருக்கிறது. அது போதாதா? அந்த அறையில் எலிப்பொறி வாங்கிய கோப்புகூட இரகசியம்தான். எலிகளுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்று பயந்தார்களோ என்னவோ.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கலாம். சீலக்காவும் சிரிப்பார். சிரிக்க முடியாத கோப்பு ஒன்றும் அங்கே இருந்தது. மூன்றாவது ரேக்கில், இடமிருந்து ஏழாவது.

அவருக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் ஊருக்கு வெளியே இருந்த நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஒரு நாள் விடியற்காலையில் அங்கே குளோரின் வாயு கசிந்தது. அவர் மட்டும் இறந்துபோனார். மூன்று மாதம் விசாரணை நடந்தது. விசாரணையின் முடிவு என்னவென்று வீட்டுக்கு யாரும் சொல்லவில்லை. பதில் வராத இடத்தில் வாய்கள் சும்மா இருக்குமா? வேலை நேரத்தில் தூங்கிவிட்டார், வால்வை மூட மறந்துவிட்டார் என்று தெருவில் பேச்சு கிளம்பியது. கேட்டுக் கேட்டுப் பழகி, அதுவே நடந்த கதையாகிப்போனது. இறந்தவரின் தாயார்கூட, “என் பிள்ளைக்கு ராத்திரி வேலைன்னா தூக்கம் வந்துடும்” என்று அழ ஆரம்பித்திருந்தார். எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூங்குமூஞ்சி என்று கூப்பிட்டார்கள்.

விசாரணை அறிக்கை நாற்பத்தாறு பக்கம். அது எண் போட வந்தது சீலக்காவின் மேசைக்கு. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அத்தனையையும் படித்தார். வால்வு பழுது என்று அந்த மனிதர் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். மூன்று கடிதங்களும் உள்ளே இருந்தன. வாயு கசிந்ததும் கூட இருந்த இரண்டு பேரை வெளியே அனுப்பிவிட்டுத் தான் மட்டும் திரும்ப உள்ளே போய் வால்வைக் கையால் மூடியிருந்தார். மூடியிராவிட்டால் பக்கத்துக் குடியிருப்புக்கே அந்த வாயு பரவியிருக்கும் என்று முப்பத்தெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தது. நாற்பத்தாறாம் பக்கம் நிலையத்தின் குழாய் வரைபடம். அந்த வரைபடம் இரகசியம். ஆகவே மற்ற நாற்பத்தைந்து பக்கமும் இரகசியம். சீலக்கா அழுதுகொண்டே தொண்ணூற்றிரண்டு சீல் குத்தினார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிவேட்டிலும் சுருக்கொப்பம் போட்டார். ஏணியில் ஏறி ரேக்கில் வைத்தார்.

வெளியே சொன்னால் வேலை போகும், சிறைக்கும் போகலாம். சேர்ந்த முதல் நாளே உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கணவர் இல்லாத வீட்டில், தன் அம்மாவையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி அவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தங்கை வீட்டுக்குப் போவார், சாப்பிடுவார். தங்கை தட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள்.

“உங்க ஆபீஸ்தானேக்கா. யார்கிட்டயாவது கேட்டுப் பாரேன்.”

“கேட்டேன்டி. தெரியாதுங்கறாங்க.”

இப்படியே பத்து வருடம். பொய் சொல்லிப் பழகியவர் என்று சீலக்காவைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் தங்கையின் முகத்தைப் பார்க்காமல்தான் அதைச் சொன்னார். ஆனாலும் சொன்னார். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சுற்றறிக்கை வந்தது. அரசாங்க இரகசியச் சட்டத்தைத் திருத்தலாமா என்று ஆராய நாடாளுமன்றம் ஒரு குழு போட்டிருந்தது. பொதுமக்கள், அரசு ஊழியர்கள் யார் வேண்டுமானாலும் அறுபது நாளுக்குள் கருத்து எழுதி அனுப்பலாம் என்று அதில் இருந்தது. அது துறைத் தலைமையிடத்திலிருந்து வந்த இரகசிய உறையில் வந்ததால், மேல்மாடியிலிருந்து நேரே சீலக்காவிடம் அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் கருத்துச் சொல்லலாம் என்கிற அறிவிப்புக்கும் அவர் மேலே ஒன்று கீழே ஒன்று குத்தி, காய வைத்து, எண் போட்டு ரேக்கில் வைத்தார். நம் ஆட்கள் இருக்கிறார்களே, அவர்களை என்ன செய்வது. அந்தக் கட்டடத்தில் அதைப் படித்தவர் சீலக்கா ஒருவர்தான்.

ஒன்பது மதிய இடைவேளைகளில் அவர் மூன்று பக்கம் எழுதினார். எந்தக் கோப்பையும் குறிப்பிடவில்லை, தங்கையைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு தாளுக்காக முழுக் கோப்பையும் பூட்டுகிற வழக்கத்தை மட்டும் விளக்கினார். இரகசியமான பக்கத்தைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றதைச் சம்பந்தப்பட்டவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று எழுதினார். விபத்து விசாரணை என்றால் இறந்தவர் வீட்டுக்கு அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் சேர்த்தார். அந்தப் பத்தியை எழுத மட்டும் நான்கு நாள் ஆனது.

பத்தாவது நாள் அதை அன்றைய தபால்களோடு சேர்த்து அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போகும் பேருந்தில் மனசு லேசாக இருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழுவின் செயலகத்திலிருந்து பதில் வந்தது. ‘தங்கள் உறை இரகசிய முத்திரையுடனும் பதிவு எண்ணுடனும் வந்துள்ளது. அதனால் அது திறக்கப்படாமல் இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது. முத்திரை முறைப்படி நீக்கப்பட்டால் மட்டுமே குழுவின் பார்வைக்கு வைக்கப்படும்.’

சீலக்கா பதிவேட்டைப் புரட்டினார். அன்றைய தேதியில், எலிப்பொறிக்கும் குழாய் ஒப்பந்தத்துக்கும் நடுவில், அவர் கையெழுத்திலேயே அந்த எண் இருந்தது. எண் போட்டு, துளை போட்டு, நூல் கோர்த்து, மூன்று பக்கத்திலும் ஆறு சீல் குத்தி, உறை மேலும் ஒன்று குத்தி அனுப்பியிருந்தார். இருபத்தாறு வருடத்துக் கை அதன் வேலையை அது பார்த்துவிட்டது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இன்னொரு தாளில் திரும்ப எழுதி அனுப்பினால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விதி அப்படி விடாது. இரகசியத்தின் நகலும் இரகசியம். எண் ஏறிய ஒன்றை வேறு தாளில் எழுதி அனுப்பினால் அது கசியவிட்ட குற்றம். தன் மனதில் இருந்ததைத் தானே மறுபடி சொல்ல முடியாத நிலைமைக்குச் சீலக்கா தன்னைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். எண்ணை நீக்க சூப்பிரண்டின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கொடுக்க அவர் அதைப் படித்தாக வேண்டும். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சூப்பிரண்டை எல்லோரும் ‘பார்க்கலாம்’ என்றுதான் பேசிக்கொள்வார்கள், அவர் காதுக்கு எட்டாமல். எது கேட்டாலும் அவர் சொல்கிற பதில் அது ஒன்றுதான். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, அதுவரை காதும் காதும் வைத்த மாதிரி ஓட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே குறிக்கோள். செயலகம் திருப்பி அனுப்பிய உறையை எடுத்துக்கொண்டு சீலக்கா மாடி ஏறினார்.

சூப்பிரண்டு மூன்று பக்கத்தையும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“நாடாளுமன்றத்துக்கா எழுதியிருக்கீங்க?”

“ஆமா சார்.”

“எந்தக் கோப்புன்னு எங்கயும் எழுதலையே.”

“எழுதல சார்.”

“எனக்குத் தெரியும் எதுன்னு. அன்னிக்கு அந்த வரைபடத்தைச் சேர்த்துக் கட்டச் சொன்னது நான்தான்.” மூன்று பக்கத்தையும் திரும்ப உறைக்குள் வைத்தார். “சரி, வச்சுட்டுப் போங்க. பார்க்கலாம்.”

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. சீலக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினார். கேள்வி கேட்டு ஓலை வருமா, காவல்துறையிலிருந்து ஆள் வருமா என்று கதவையே பார்த்தார். ஆறாவது நாள் சூப்பிரண்டே படியிறங்கி ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வருவது அதுவே முதல் தடவை. உறையை நீட்டினார். ஒவ்வொரு சீலின் மேலும் குறுக்குக் கோடு போட்டுக் கையொப்பம் இட்டிருந்தார். கீழே, ‘இதில் இரகசியம் எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தார்.

“இந்த மாதிரி ஒரு வரி எழுதணும்னா என்ன வாசகம் போடறதுன்னே தெரியலைங்க,” என்றார். “பழைய கோப்பெல்லாம் தேடிப் பார்த்தேன். ஒரு மாதிரியும் கிடைக்கல. கடைசில நானா எழுதினேன்.”

“நன்றி சார்.”

“நன்றியெல்லாம் எதுக்கு. ஜன்னலைத் திறந்து வைங்க, மூச்சு முட்டுது இங்க.”

உறை அன்றைக்கே திரும்பவும் தபாலில் போனது. இரண்டு மாதம் கழித்துக் குழு அவரை நேரில் அழைத்தது. சீலக்கா இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு தலைநகரத்துக்கு ரயிலேறினார். பெரிய கூடம், வளைந்த மேசை, அதைச் சுற்றி பதினோரு உறுப்பினர்கள். எதிரே இவருக்கு ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு தம்ளர் தண்ணீர். மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். குழுத் தலைவர் நரைத்த தலையுடைய ஓர் அம்மா. முதலில் சீல் வந்த கதையைக் கேட்டார். சீலக்கா சொல்லச் சொல்ல மேசை முழுக்கச் சிரிப்பு. சிரிப்பில் இவருக்கும் பயம் கொஞ்சம் விலகியது.

ஓர் உறுப்பினருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. கோட்டுப் பையில் மூன்று பேனா வைத்திருந்தவர்.

“அம்மா, நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா தண்ணி விஷயம், நாட்டோட பாதுகாப்பு விஷயம். எல்லாத்தையும் திறந்து விட்டுட்டா நாளைக்கு ஒருத்தன் வந்து கையை வச்சான்னா யார் பொறுப்பு?”

“எல்லாத்தையும் திறக்கச் சொல்லலைங்க ஐயா. வரைபடத்தை நீங்களே வச்சுக்குங்க, நல்லா பூட்டி வைங்க. மத்த நாப்பத்தஞ்சு பக்கத்தைக் குடுங்கன்னுதான் சொல்றேன்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்த நாப்பத்தஞ்சு பக்கம்?”

சீலக்கா தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. “அதைச் சொன்னா குத்தமாயிடும்மா.”

“இந்தக் கூடத்துல சொல்றதுக்கு உங்க மேல யாரும் வழக்குப் போட முடியாது. அது எங்களுக்கு உள்ள உரிமை, இங்க வந்து பேசறவங்களுக்கும் உண்டு. தைரியமா சொல்லுங்க.”

பத்து வருடமாக எதிர்பார்த்திருந்த கதவு அப்படித் திறந்தது. சீலக்கா விபத்தைச் சொன்னார், சீல் குத்தியதைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமைகளைச் சொன்னார். பேனாக்காரர் எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

“அறிக்கையில என்ன இருக்கு?” என்று தலைவர் கேட்டார்.

“மன்னிச்சுக்குங்கம்மா, அதைச் சொல்ல மாட்டேன்.”

“பாதுகாப்பு இருக்குன்னு சொன்னேனே.”

“பயத்துல சொல்லாம இல்லம்மா. அதை முதல்ல கேக்க வேண்டியது நீங்க இல்ல. என் தங்கச்சி.”

தலைவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரமே எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தால் அரசாங்கத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். குழு அறிக்கை கொடுக்க எட்டு மாதம் ஆனது. மசோதா மூன்று முறை தள்ளிப்போனது. இருபத்திரண்டு பரிந்துரையில் பதின்மூன்றை வெட்டினார்கள். வெட்டியதில் நல்லவை நிறைய இருந்தன, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இரண்டு தப்பிப் பிழைத்தன. இரகசியப் பக்கத்தைப் பிரித்துத் தனியே வைக்க வேண்டும் என்பது ஒன்று. விபத்து விசாரணை அறிக்கையை இறந்தவர் குடும்பம் கேட்டால் முப்பது நாளில் கொடுக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை முன்மொழிந்தவர் அந்தப் பேனாக்காரர் என்று செய்தித்தாளில் இருந்தது. மனிதர்களை முதல் பார்வையில் எடை போடக் கூடாது என்று சீலக்கா சொல்லிக்கொண்டார்.

சட்டம் நடைமுறைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்ததும் தங்கையின் முன்னால் ஒரு விண்ணப்பப் படிவத்தை வைத்தார்.

“இதைப் பூர்த்தி பண்ணு. அவரோட அறிக்கை கிடைக்கும்.”

தங்கை படிவத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பேனாவை எடுத்து எழுதினாள்.

இருபத்தோராம் நாள் காலை தங்கை ரெக்கார்டு ரூமுக்கு வந்தாள். கூடவே இருபது வயதாகிவிட்ட மகள். சீலக்கா மேசையை ஒழித்து, இரண்டு நாற்காலி போட்டிருந்தார். வரைபடம் இல்லாத நாற்பத்தைந்து பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு ரேக்கின் ஓரமாகப் போய் நின்றார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் படித்தார்கள். அந்த மூன்று கடிதங்கள் வந்த இடத்தில் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். முப்பத்தெட்டாம் பக்கத்தில் மகள் அழ ஆரம்பித்தாள். “அப்பா தூங்கலம்மா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தங்கை அவள் முதுகைத் தடவிக்கொண்டே கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தாள்.

பிறகு தாளின் அடியில் சிவப்பு மைக்குப் பக்கத்தில் இருந்த சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்தாள்.

“இது நீ போட்டதுதானே?”

“ஆமா.”

“படிச்சியா அப்ப?”

“படிச்சேன்.”

“பன்னெண்டு வருஷம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் என் கையால வாங்கிச் சாப்பிட்டிருக்க.”

“ஆமாடி.”

சட்டம், உறுதிமொழி, சிறை என்று சொல்லத் தயாராக வைத்திருந்த எதையும் சீலக்கா சொல்லவில்லை. சொன்னால் அவை உண்மையாகத்தான் இருக்கும், ஆனாலும் அவள் முன்னால் அவை நிற்காது என்று அவருக்குத் தெரிந்தது. மகள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அம்மா, பெரியம்மா எழுதலைன்னா இது இன்னிக்கும் நம்ம கைக்கு வந்திருக்காது,” என்றாள். தங்கை தாள்களைத் தட்டி ஓரம் சேர்த்தாள், ரொம்ப நேரம் சேர்த்தாள்.

“இதை எத்தனை காப்பி எடுக்கலாம்?” என்று கடைசியில் கேட்டாள்.

“இப்ப எத்தனை வேணும்னாலும் எடுக்கலாம்.”

“அத்தைக்கு ஒண்ணு. அவங்களுக்கு நானே படிச்சுக் காட்டணும். அப்புறம் தெருவுல முப்பத்திரண்டு வீடு இருக்கு.”

“எல்லா வீட்டுக்குமா?”

“எல்லா வீட்டுக்கும்தான். பேசுனது எல்லாரும்தானே.” தங்கை எழுந்து தாள்களை அக்காவின் கையில் கொடுத்தாள். “மெஷினைப் போடு. பதினாறு வீடு நான் பாத்துக்கறேன். பதினாறு வீட்டுக்கு நீ வந்து குடு, உன் வாயாலயே சொல்லிக் குடு.”